பூப்பின்னலுக்கு வைத்த முடி

ஆவணியில் சித்தியின் கல்யாணம். அதற்குப் பூப்பின்னல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஆறு வயதுக் கலாவதியின் ஒரே விண்ணப்பம். ஆனால் தலை முழுவதும் பேன். சொறிந்து சொறிந்து உச்சியில் புண் கண்டிருந்தது. மொட்டை அடித்துவிடலாம் என்றார் தகப்பனார் கலியாணசுந்தரம், தறியை விட்டு எழாமலே.

"மொட்டை வோணாம்பா. அப்புறம் பூவ எங்க வைப்பீங்க? கோந்து போட்டு ஒட்டுவீங்களா?"

தாய் தில்லையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொட்டைப் பேச்சு அத்துடன் நின்றது.

வேறு வழி சொன்னவள், முசரவாக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் பொன்னியம்மாள்.

"பொகையிலய ஊறவெச்சுத் தேய்ச்சு வுடும்மா. எங்க கத்திரிச்செடிக்கு அதான் அடிக்கிறோம். ஒரு பூச்சி தங்காது."

புகையிலைக்குப் பஞ்சமில்லாத வீடு. கலியாணசுந்தரம் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் நெய்வார். அவருடைய பொட்டலத்தில் பாதியைத் தில்லையம்மாள் வெந்நீரில் ஊறவைத்தாள். குழந்தை எடுத்துக் குடித்துவிடக் கூடாதே என்று சட்டியை உறியில் ஏற்றினாள். மறுநாள் காலையில் அந்தச் சாற்றை உச்சி முதல் பிடரி வரை தேய்த்து, ஈரம் காயாதிருக்கத் துணியால் சுற்றிக் கட்டினாள். தேய்த்த கை லேசாக நடுங்கிற்று, தலை சுற்றிற்று. அன்று கிருத்திகை விரதம். பசி என்று நினைத்தாள்.

சிறிது நேரத்தில் கலாவதி வாந்தியெடுத்தாள். முகம் வெளுத்தது, வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

"சட்டிய தொட்டியாடி? குடிச்சியா? நெசத்த சொல்லு!"

"இல்லம்மா."

தில்லையம்மாள் நம்பவில்லை. வாயை முகர்ந்து பார்த்தாள். உப்புத் தண்ணீர் புகட்டினாள். குழந்தை திமிறியதில் தலைக்கட்டு நெகிழ்ந்தது. அதை மறுபடியும் இறுக்கினாள்.

கைகால் இழுக்கத் தொடங்கியபோது ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"தலையில என்னம்மா துணி?" என்றார் டாக்டர்.

"பேனுக்குப் பொகையிலத் தண்ணி, சார். வாய்ல ஒண்ணும் குடுக்கல."

அவர் உடனே கத்தரிக்கோலால் துணியை வெட்டி எறிந்தார். சோப்பும் தண்ணீருமாகத் தலையைக் கழுவச் சொல்லிவிட்டு, குழந்தையின் மூச்சைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு வெளியே வந்தார். அவர் சொல்ல வேண்டியதை அவர் முகமே சொல்லிவிட்டது.

"நான் தெனம் மெல்லுறேன், சார்," என்றார் கலியாணசுந்தரம். அப்போதும் அவர் கன்னத்தில் புகையிலை இருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"உங்களுக்குக் கன்னத்துத் தோல் வழியா ரத்தத்துல ஏறுது, உடம்பு பழகிப்போச்சு. அதுக்குத் தலைத்தோல் வழியா ஏறியிருக்குது. புண்ணு வேற. சின்ன உடம்பு, தாங்கல."

"அது குடிக்கலன்னு சொல்லிச்சு," என்றாள் தில்லையம்மாள். "நான்தான் நம்பல."

வீட்டில், குளிப்பாட்டிய பிறகு, உறவுப் பெண்கள் தடுத்தும் கேளாமல் அவளே மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மல்லிகை வாங்கிவரச் சொன்னாள். பின்னுவதற்குமுன் பேன்சீப்பால் வாரினாள்.

சீப்பில் வந்த பேன்களில் ஒன்றும் அசையவில்லை.