எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை

...கேட்பார்கள், கேட்காமல் எங்கே போய்விடுவார்கள், பதினான்கு பேர் வந்து இறங்கியிருக்கிற வீட்டில் கரண்டி எங்கே, கைதுடைக்கிற துணி எங்கே, சின்னக் கிண்ணம் எங்கே என்று ஒருத்தராவது வந்து தலையைத் தின்னாமலா இருப்பார்கள், தின்னட்டுமே, அதற்காகத்தானே மூன்று வாரமாகப் புருஷனிடம் கெஞ்சிக் கூத்தாடி, வருஷக் கடைசி விடுமுறைக்கு எல்லாரையும் இங்கேயே கூப்பிடச் சம்மதிக்க வைத்தாள். அவன் முதலில் வேண்டாம் என்றான். "அவ போனதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் கூடினதில்ல, விட்டுடேன்." அவ என்றால் முதல் மனைவி, ஐந்து வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். விட்டுவிடுவதாம்! இவள் வந்தே மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் எத்தனை நாளைக்கு இன்னொருத்தி வீட்டில் தங்க வந்தவள் மாதிரி ஓரமாக நிற்பது? இன்றைக்கு ஒரே ஒரு ஆள், இது எங்க இருக்கு என்று இவளிடம் கேட்டுவிட்டால் போதும், வீடு இவளுடையது என்று ஆகிவிடும். சிறுபிள்ளைத்தனமான ஆசைதான், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

பின்னே, பொருளை எங்கே வைப்பது என்று இவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும், பதினோரு வருஷமாக லாரி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாலும் எந்த போல்ட் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே தச்சரைக் கூப்பிட்டுச் சமையலறையின் பழைய அலமாரிகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தாள். அடுக்குவதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு, எது எதோடு சேர்ந்து தேவைப்படுமோ அது அதோடு. டார்ச் லைட் வெளியே கிளம்பும்போதுதானே வேண்டும், அதனால் பேட்டரியெல்லாம் செருப்பு அலமாரியில், பிஸ்கட் டின்னுக்குள். வேறு யாருக்காவது தோன்றுமா இது? தோன்றாது, அதனால்தான் கேட்டே ஆகவேண்டும், கேட்பார்கள், இதோ நாத்தனார் வருகிறாள்...

வந்தவள் ரயிலில் ஜன்னலோர இடத்துக்கு நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் கையை நீட்டி, மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, பெரிய கரண்டியை எடுத்தாள். "அண்ணி, தள்ளுங்க, நான் கிண்டறேன், அடிப்பிடிக்குது பாருங்க." அந்த இழுப்பறை அடித்த பிறகு நாத்தனார் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இன்றைக்குத்தான். சரி, குருட்டு அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்... ஆனால் அவளோடு இன்றைக்குத்தான் வந்திறங்கிய மாமனார், கூடத்தில் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே வாசலுக்குப் போய், செருப்பு அலமாரியைத் திறந்து, பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தாரே, அது?

"மாமா, அது அங்க இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? எப்பவும் அங்கதானம்மா இருக்கும்."

எப்பவும் என்றால்? செருப்பு அலமாரியே போன வருஷம்தான் இவள் வாங்கிப் போட்டது, அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது, அதில் யார் எதை வைத்தார்கள்... நாற்காலி தூக்கிக்கொண்டு போன புருஷனை நிறுத்தி, "நீங்க எதாவது சொல்லி வச்சீங்களா?" என்றால், "என்னத்த?" என்று முழிக்கிறான், பாவம், அவனுக்கே அவன் சட்டை இருக்குமிடம் தெரியாது. புத்தியுள்ள பெண்கள் யார் அடுக்கினாலும் இப்படித்தான் அடுக்குவார்களோ, அப்படித்தான் இருக்கும், இதற்குப் போய் பயப்படுவதா என்று தன்னையே அதட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நான்கு வெட்டு வெட்டியிருப்பாள், கிண்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றது. இவள் கத்தி பிடித்திருக்கிற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அண்ணி, நறுக்குங்க" என்றாள். அந்தப் பழைய அண்ணியும் கத்தியை இப்படித்தான் பிடிப்பாளோ? இவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அப்போதுதான் கொழுந்தனாரின் பெண்டாட்டி வந்தாள், ஆறு மாதத்துக்கு முன் கல்யாணமானவள், பழையவளைப் பார்த்தே இராதவள். "அக்கா, மேசை மேல விரிக்கப் பெருசா ஏதாச்சும் இருக்கா? எங்க இருக்கு?"

அப்பாடா! கேட்டேவிட்டாள், அந்த வாய்க்குச் சர்க்கரை போடலாம், இவள் முகமெல்லாம் சிரிப்பாகி, "மாடி ரூம் அலமாரில, மேல் தட்டுல, கம்பளிக்குப் பின்னாடி இருக்கு, எடுத்துக்கோ" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் படியேறிப் பாதி போன பிறகுதான்... விரிப்பா, இந்த வீட்டில் ஏது விரிப்பு, இவள் வாங்கவே இல்லையே, அந்த மேல் தட்டு இவளுக்கு எட்டவே எட்டாது, ஒருநாளும் ஸ்டூல் போட்டு ஏறியதில்லை, கம்பளி இருப்பதே இவளுக்குத் தெரியாதே, கூப்பிட்டு நிறுத்து, நிறுத்து என்றது மனசு, அதற்குள் மேலே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கிடைக்காது, வெறுங்கையோடு வந்து அங்க ஒண்ணுமில்லையே அக்கா என்பாள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சிரித்துச் சமாளிக்கலாம், கடவுளே, அப்படியே ஆகட்டும்.

இறங்கி வந்தவள் கையில் வெள்ளைத் துணி, எட்டாக மடித்தது, ஓரமெல்லாம் பச்சை நூல் தையல். நாத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கினாள். "இது அவங்க கையால தச்சது. போன அன்னிக்கு அவங்க மேல இதைப் போர்த்தலாம்னு வீட்டையே தலைகீழாக் கவுத்துத் தேடினோம், அந்தத் தட்டையும்தான். கிடைக்கல." அழுதாள், சிரித்தாள். மாமனார் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இவளைப் பார்த்தார்கள், மூன்று வருஷமாக எந்தப் பார்வைக்கு ஏங்கினாளோ அதே பார்வை, சொந்தமும் நன்றியுமாக, ஒரு பிசிறு இல்லாமல்.

நாத்தனார் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இதோட சேர்த்து கைதுடைக்கச் சின்னத் துணி பன்னெண்டு தச்சாங்களே, அது எங்க இருக்கு அண்ணி?"

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அறை, அலமாரி, எத்தனையாவது தட்டு, எதற்கு அடியில், எல்லாமே. கிடங்கில் இத்தனை வருஷத்தில், இருக்கிற பொருளை இல்லை என்று அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"தெரியலையே" என்றாள். சொல்லி முடித்த பிறகும் அவள் கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்துத் திரும்பி நின்றது.