எதிரெதிர் மூலைகள்

அந்த வீட்டு வாஷிங் மெஷின் துணி துவைக்கும்வரை பரம சாது. தண்ணீர் பிடிக்கும், இந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றும், அந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றும், எல்லாம் நல்ல பிள்ளையாகச் செய்யும். பிழிய ஆரம்பித்தால்தான் குணம் மாறும். தடதடவென்று அடித்துக்கொண்டு, குளியலறைச் சுவரை முட்டி, சோப்பு டப்பாவைத் தள்ளிவிட்டு, கதவைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும். வயர் மட்டும் நீளமாக இருந்தால் இந்நேரம் பஸ் ஏறிப் போயிருக்கும் என்று டிரைவர் சொல்லிச் சிரிப்பான். இப்போது கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பும் நின்றுபோயிருந்தது.

டிரைவர் என்றால் டவுன் பஸ் டிரைவர். விடியுமுன் வண்டியை எடுத்து மதியம் கொண்டுவந்து நிறுத்துகிறவன். அவன் மனைவி நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தேற்றி அனுப்பும் வார்டில் அவளுக்கு இரவு டியூட்டி. காலையில் வீடு வந்து படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுவாள். அவள் எழுந்ததும் அவன் படுப்பான். ஒரே கட்டில், ஒரே தலையணை, ஆள்தான் மாறிமாறி. "நம்ம வீட்டுல கட்டிலுக்குத்தான் லீவே கிடையாது" என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள்.

துணிக்கும் அப்படியே இரண்டு ஷிப்ட். அவளுடைய டியூட்டி உடை சாயங்காலத்துக்குள் காய வேண்டும் என்பதால், அவன் வந்ததும் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மெஷினைப் போட்டாக வேண்டும். வீட்டுத் துணியை அவள் எழுந்த பிறகு, அதாவது அவன் தூங்கும்போது, போடுவாள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். மெஷின் முட்டுவது அந்தச் சுவரில். கட்டிலின் தலைமாடு இருப்பதும் அதே சுவரில்.

போன வாரம் அவள் ஒரு குழந்தையை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது கண் அசந்துவிட்டாள். ஒரு நொடிதான். பக்கத்திலிருந்த பெரிய சிஸ்டர் தோளைத் தொட்டதும் விழித்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட டிரைவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"நான் அந்த வார்டை விட்டுடறேங்க. பகல்ல பேர் பதியுற இடத்துல ஆள் வேணுமாம். ஞாயித்துக்கிழமை பெரிய சிஸ்டர் போன் பண்ணி முடிவைக் கேப்பாங்க. போறேன்னு சொல்லிடப் போறேன்."

"உனக்கு அந்தக் குழந்தைங்கன்னா உசுராச்சே."

"அதனாலதான். சரியாத் தூங்காதவ கையில அதுங்களைக் குடுக்கக் கூடாது."

இன்றைக்கு எந்தக் குழந்தை எத்தனை கிராம் ஏறியது, எது தானாக மூச்சுவிட்டது, எது தன் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது என்று அவள் சொல்வதைக் கேட்டுக்கேட்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டிகளையெல்லாம் அவனும் பார்த்த மாதிரிதான் இருந்தது. நகர்ந்து திரியும் ஒரு துணிப்பெட்டி அவளிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்வதா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால், அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். அடுத்த வாரம் வந்து யாருக்கு என்ன லாபம்? நாமே பார்த்துவிடலாம் என்று துணிந்தான்.

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று டிப்போவில் அவனுக்குப் பெயர். இத்தனை பெரிய பஸ்ஸின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறவனுக்கு, ஒரு வாஷிங் மெஷின் எம்மாத்திரம்?

ஆனால் ரகசியமாக அவன் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்துத் தோற்றிருந்தான். மெஷினின் முன்பக்க இடது கால் தரையில் படாமல் தொங்குவதைப் பார்த்து, அதன் அடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகினான். அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியது. மறுநாள் பார்த்தால் மறுபடியும் அதே கால் தொங்கியது. இன்னொரு அட்டை வைத்தான். அதற்கடுத்த நாள் இன்னொன்று. வைக்க வைக்க ஆட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிழியும் நேரத்தில், சத்தம் சுவருக்குப் போகாமலிருக்க, மெஷினை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். பல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால், நீங்க எதுக்கு வேலையிலிருந்து வந்த உடம்போட இதெல்லாம் செய்றீங்க என்று திட்டுவாள்.

அவனுக்குள் சின்னதாக ஒரு மனத்தாங்கலும் இருந்தது. நாம் அவளுக்காக இப்படிக் கட்டிப்பிடித்து நிற்கிறோம், நாம் தூங்கும்போது அவள் பாட்டுக்கு மெஷினைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாளே என்று. அதையும் அவன் வெளியே சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. டியூட்டி முடிந்து வந்த மனைவி படுத்ததும், சத்தம் போடும் மெஷினைச் சத்தமில்லாமல் ரிப்பேர் செய்கிற வேலையை ஆரம்பித்தான். ஸ்பேனர்களை ஒரு துண்டின் மேல் வரிசையாகப் படுக்கவைத்தான். கழற்றிய ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் பஞ்சு போட்டு வைத்தான். மெஷினை அங்குலம் அங்குலமாக முன்னால் இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். திருடன்கூட இவ்வளவு பதுங்கியிருக்க மாட்டான்.

உள்ளே பார்த்ததும் முதலில் திகைத்துப்போனான். டிரம்மின் மேல் ஒரு பெரிய கான்கிரீட் கட்டியை போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். "அடப்பாவி, கல்லைக் கட்டி வச்சிருக்கானே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். யோசித்துப் பார்த்தபோது விளங்கியது. டிரம் துள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பாரம். அதை அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. ஸ்பிரிங்குகள் கொக்கியில் ஒழுங்காக மாட்டியிருந்தன. பஸ்ஸில் இருப்பதுபோலவே குட்டியாக இரண்டு ஷாக் அப்சார்பர், எண்ணெய்க் கசிவு இல்லை. பெல்ட் நல்ல விறைப்பாக இருந்தது. டிரம்மைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டான். வெண்ணெயாகச் சுற்றியது.

கோளாறு கிடைத்தால் அதோடு மல்லுக்கட்டலாம். எதுவுமே கெடவில்லை என்றால் என்ன செய்வது? தகட்டை மாட்டிவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். இன்றைக்குப் போன் வரும். அவள் சரி என்று சொல்லிவிடுவாள். நாளையிலிருந்து யாருடைய பெயரையாவது பதிந்துகொண்டிருப்பாள்.

புரண்டு படுத்தபோது கண் மெஷினின் அடியில் போனது. இங்கே முன்பக்க இடது காலின் கீழ் அவனுடைய அட்டைகள், ஈரத்தில் ஊறி, நசுங்கி, கூழாகி ஒட்டிக் கிடந்தன. எதிர்மூலையில், பின்பக்க வலது காலின் கீழ், நீலமாக ஏதோ தெரிந்தது. டார்ச்சை அடித்தான். ரப்பர் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலால் காலோடு சேர்த்துக் கட்டி, கச்சிதமாகக் கால் அளவுக்கு வெட்டி வைத்த துண்டுகள். கையை விட்டு ஒன்றை உருவினான். அதில் ஒரு கட்டைவிரல் பள்ளம் இருந்தது. அது அவனுடைய கட்டைவிரல்.

அவன் வீட்டில் போடும் செருப்பு! அது காணாமல் போய் எவ்வளவு நாளாகிறது! எதிர்வீட்டு நாய்தான் தூக்கிக்கொண்டு போனது என்று முடிவே கட்டி, போகும்போதும் வரும்போதும் அந்த வாயில்லா ஜீவனை முறைத்துக்கொண்டிருந்தான்.

"அதை ஏன் எடுத்தீங்க?"

திரும்பினான். மனைவி தலைமுடி கலைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லைப் பார்த்து அவன் போட்ட சத்தத்திலேயே அவள் விழித்துவிட்டிருக்கிறாள்.

"இது என் செருப்பு" என்றான் அவன்.

"தேஞ்சு போனதுதானே. நீங்க படுத்ததும் மெஷினைப் போட்டா, இந்த மூலை தூக்கித் தூக்கி அடிக்கும். உங்க தூக்கம் கெட்டா நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்கணுமே, ஒரு பஸ் ஜனம் உங்களை நம்பி உக்காந்திருக்குமேன்னு முட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் சரியா இருக்கும், மறுநாள் மறுபடியும் அந்தக் கால் தொங்கும். இன்னொரு துண்டு வெட்டி வைப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான். பிழியும்போது பத்தாதுன்னு நானே கட்டிப்பிடிச்சுக்குவேன். பல்லெல்லாம் ஆடும்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முன்காலின் அடியிலிருந்து தன்னுடைய அட்டைக் கூழைக் கையால் வழித்தெடுத்துக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், தன் ரப்பரைப் பார்த்தாள்.

"நீங்களுமா?"

"நானும்தான். இந்தக் கால் தொங்குதேன்னு."

"ஐயோ, நான் அங்க தூக்கினா இங்க தொங்காம என்ன செய்யும்?"

"நான் இங்க தூக்கினா அங்க?"

இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. போன வாரம் வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தன்னைக் கவனிக்கவில்லை என்று அவன் மனத்தாங்கலோடு படுத்திருந்த அத்தனை மதியங்களிலும், சுவருக்கு அந்தப் பக்கம் இவள் இந்த மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்படி ஒருத்தி நமக்கு வாய்க்க நாம் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்றான்.

"செருப்பை வெட்டினதுக்கா? நல்ல ஆளுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுந்திரிங்க, வேலையைப் பாப்போம்."

அட்டையையும் ரப்பரையும் ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்தார்கள். மெஷினை அதன் இடத்தில் வெறுந்தரையில் நிறுத்தி, அவன் முன் இடது மூலையிலும் அவள் பின் வலது மூலையிலும் கை வைத்தார்கள். அவன் அமுக்கினால் அவள் பக்கம் எழும்பியது. அவள் அமுக்கினால் அவன் பக்கம் எழும்பியது. இத்தனை நாளும் ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகப் பார்த்ததால் பிடிபடாத சங்கதி, இரண்டு பேரும் சேர்ந்து நின்றதும் உடனே பிடிபட்டுவிட்டது. கால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்குரூதான், திருகினால் நீளும், குறையும். முன் இடது காலில் அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டு தளர்ந்து, அதிர்வில் கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். பேரிங், ஸ்பிரிங் என்று போன அவன் காது இங்கே செல்லுபடியாகவில்லை.

அவன் படுத்துக்கொண்டு காலைத் திருகி இறக்கினான். அவள் அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி, மெஷினின் மேல் படுக்கவைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், போதும். கொஞ்சம் பின்னாடி."

"பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி சொல்றியே."

"பேசாம திருகுங்க."

பாட்டிலைக் குறுக்கே திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். தண்ணீர் சமமாக நின்றது. நட்டை மேலே ஏற்றி, மெஷினின் அடித்தகட்டோடு சேர்த்து ஸ்பேனரால் முடுக்கினான். மறுபடி எதிரெதிர் மூலைகளில் நின்று மாறிமாறி அமுக்கினார்கள். எள்ளளவும் அசையவில்லை.

படுக்கை விரிப்புகளை உள்ளே போட்டு மெஷினை ஓடவிட்டார்கள். துவைத்து முடித்து, தண்ணீரை வெளியே விட்டது. இனிமேல்தான் சோதனை. அவள் தரையில் உட்கார்ந்து மெஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள், நகர்ந்தால் தெரிந்துவிடுமாம். டிரம் மெதுவாகச் சுற்றி, வேகம் பிடித்து, முழு வேகத்துக்குப் போனது. அவன் பழக்கதோஷத்தில் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டி, அப்படியே நிறுத்திக்கொண்டான். ரீங்காரம் மட்டும்தான் கேட்டது. சோப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தியா?" என்றான்.

பதில் இல்லை. குனிந்து பார்த்தான். முழு வேகத்தில் பிழியும் மெஷினில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் படுக்கையறையில் அவள் போன் அடித்தது. நுனிக்காலில் ஓடிப்போய் எடுத்தான். பெரிய சிஸ்டர்.

"என்ன முடிவு பண்ணியிருக்காங்கன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன். அவங்ககிட்ட குடுங்களேன்."

"தூங்குறா சிஸ்டர்" என்று கிசுகிசுத்தான்.

"அது என்ன, பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதே?"

"மெஷின்தான் சிஸ்டர். பிழியுது. அது மேலதான் சாஞ்சு தூங்குறா."

அந்தப் பக்கம் அந்தக் கண்டிப்பான சிஸ்டர் சிரிப்பது கேட்டது.

"தூங்கவே விடாதுன்னு அவங்க சொன்ன அதே மெஷினா? அப்ப பதில் வந்துடுச்சு. அவங்க பேரை வார்டுலயே விட்டுடறேன், எழுந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இப்ப போனை வைங்க, நீங்க பேசிப் பேசி எழுப்பிடாதீங்க."

அவன் தலையணையை எடுத்து வந்து, மெஷினுக்கும் அவள் தலைக்கும் நடுவே மெல்லச் செருகினான்.