கம்பும் குருணையும்

செல்வராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் அவள் இருக்கும் தெருவில் யார் நாட்டுக்கோழி முட்டை கேட்டு வந்தாலும், முட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பிரசங்கம் கொடுப்பாள். “கடை முட்ட மாதிரி நெனைக்காதீங்க. எங் கோழி கம்பும் குருணையும் தவிர வேற எதையும் வாயில வைக்காது.” கேட்கிறவர்களுக்கும் அது பிடித்திருந்தது. அதை நம்பித்தான் வாங்கினார்கள்.

ஒரு காலத்தில் அது உண்மைதான். இருபது கோழி அறுபதாகிற வரைக்கும் உண்மை. அப்புறம் கம்பு விலை ஏறியது, கடலைப் புண்ணாக்கு அதற்கு மேல் ஏறியது, கம்பெனித் தீவன மூட்டைக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லை. இவள் சும்மா இருப்பாளா? மீமிசல் பக்கம் பொடிமீனைக் காயவைத்து அரைத்த கருவாட்டுத் தூள் சல்லிசாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு மூட்டை வரவழைத்தாள். வரவழைத்துக் கொடுத்த தீவனக் கடை ஆத்மநாதன் தெளிவாகத்தான் சொன்னார். “நல்ல சத்துதாம்மா. ஆனா நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோதான். கூடப் போட்டா முட்ட நாறும்.”

அஞ்சுதான் போட்டாள். விட்டுவிட்டு முட்டையிட்ட கோழிகள் தினம் இட ஆரம்பித்தன. ஆசை யாரை விட்டது? அஞ்சைப் பத்தாக்கினாள், பத்தை இருபதாக்கினாள். ஒரு நாள் ஆம்லெட் போட்டபோது அடுப்படி முழுக்க மீன் கவிச்சி. தோசைக்கல்லின் மேல் பழியைப் போட்டு, அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் போட்டாள். அப்போதும் நாறியது. அன்றிலிருந்து தன் வீட்டுக்கு மட்டும் கடை முட்டை வாங்கினாள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

சின்னப்பிள்ளை வீட்டுக்குத் தினம் ஒரு முட்டை வாடிக்கை. அந்த அம்மாளின் மகன் துபாயில் இருக்கிறான். மருமகள் இலக்கியாவுக்கு ஏழு மாசம். ரத்தம் கம்மியாக இருக்கிறது, தினம் முட்டை கொடுங்கள் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அன்று காலையில் செல்வராணி கூடையோடு நுழையும்போதே உள்ளே ஒரே சத்தம்.

“இங்கிட்டு வா செல்வராணி! இந்தக் கூத்தக் கேளு. நாட்டுக்கோழி முட்ட நாறுதாம்ல மகாராணிக்கு! பத்து நாளா இதே பாட்டு. வயித்துல கெடக்குற புள்ளைய ஒரு நிமிசம் நெனச்சுப் பாக்க மாட்டேங்குறா.”

இலக்கியா அவித்த முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சத்தியமா நாறுது அத்தை. வாய்கிட்டக் கொண்டுபோனாலே கொமட்டுது.”

“வாய மூடு. செல்வராணி, நீயே சொல்லு. ஒங் கோழிக்கு என்ன போடுற?”

ஒரு நொடிதான். சொல்லியிருக்கலாம். ஆனால் பழகிய நாக்கு பழகிய வழியில்தானே போகும்?

“கம்பும் குருணையும்தான் பெரியம்மா.” அதோடாவது நிறுத்தினாளா, பாவி? “மாசமா இருக்கையில மூக்கு அப்படித்தான் இருக்கும். எல்லாம் நாறும்.”

“கேட்டியாடி?”

இலக்கியா மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டையில் பாதியைக் கடித்து விழுங்கினாள். கண்ணில் நீர் கட்டியது. செல்வராணிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கூடையில் இருக்கிற முட்டைகளை ஒன்றுமில்லாமல் நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

சின்னப்பிள்ளை தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். இலக்கியா குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, எனக்குப் பொறந்த ஊரு மீமிசல். கருவாட்டுத் தூள்தானே?”

செல்வராணியின் முகம் செத்துப்போயிற்று.

“அத்தைகிட்டச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சா தெருவே ஒங்களக் காறித் துப்பும். கொஞ்சம் கொறச்சுப் போடுங்கக்கா. நான் இன்னும் ரெண்டு மாசம் திங்கணும்.”

திட்டியிருந்தால் செல்வராணி பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவளுக்கா வாய் இல்லை? இந்தப் பெண் கெஞ்சுகிறதே! பூமிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

சொம்போடு வந்த சின்னப்பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பாத்தியா, பாதி உள்ள போயிருச்சு! எல்லாம் கொழுப்பு. நாளையிலேருந்து ரெண்டாக் கொண்டா செல்வராணி.”

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டும் வேணாம் பெரியம்மா, ஒண்ணும் வேணாம்.” செல்வராணிக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. “அந்தப் புள்ள சொல்றது நெசம். கருவாட்டுத் தூள் போடுறேன். அளவுக்கு மேல போடுறேன். முட்ட நாறும்னு எனக்குத் தெரியும்.” அவ்வளவு போதும் என்று நினைத்தாள். ஆனால் மிச்சமும் தானாக வந்து விழுந்தது. “எங்க வீட்டுல நாங்க அதத் திங்கிறதில்ல.”

இப்போது வசவு வரும், வரட்டும் என்று நின்றாள். வரவில்லை. சின்னப்பிள்ளை சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மருமகளின் மடியிலிருந்த தட்டை மெல்ல வாங்கினாள். மிச்சமிருந்த பாதி முட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அந்த வீட்டில் அதை அவள் மோந்து பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

“ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“பத்து நாளாச் சொல்லிக்கிட்டுத்தானே அத்தை இருக்கேன்” என்றாள் இலக்கியா.

அதில் கோபம்கூட இல்லை. சின்னப்பிள்ளை தட்டும் கையுமாக நின்றாள். செல்வராணிக்குக் கூடையைத் தூக்கக் கை வரவில்லை.