மர்ளியாவுக்கு வராத ருசி

மர்ளியாவுக்குக் கொரோனா வந்ததில் பெரிய நட்டம் அவள் புருஷன் சுஹைருக்குத்தான். கல்பிட்டியில் மீன் ஏலம் கூறுகிற மனிசர், அகப்பையோடு அடுப்படியில் நின்றார்.

சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. மாத்தயா வாசலில் நின்றே சட்டம் சொல்லிவிட்டுப் போனார். மர்ளியா பின்னறையில் தனியாக இருக்க வேண்டும். மற்றவர்கள் கை வைக்குமுன் அவளுடைய சோற்றைக் கதவடியில் வைத்துவிட வேண்டும்.

சட்டத்தின் அருமை முதல் நாள் பகலே அவளுக்கு விளங்கிவிட்டது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து, சுஹைரும் மகன்மார் இருவரும் தின்று எழும்பிய பிறகு கறிச்சட்டியில் சோற்றைப் பிரட்டித் தின்றவள் அவள். பாரைமீனின் நடுத்துண்டை வெட்டும்போது பார்த்ததோடு சரி. இரத்தம் குறைவு, நல்லா மீன் தின்னுங்க என்பார்கள் கிளினிக்கில். மீன்காரன் பெண்சாதிக்கு அதைக் கேட்கவே வெட்கமாக இருக்கும். இப்போது சுடச்சுடச் சோறு, நடுத்துண்டு, முருங்கையிலைச் சுண்டல். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள்.

சுகமாகிவிட்டது, வெளியே வரலாம் என்று மாத்தயா சொன்ன அன்று அவளுக்குப் பயம் பிடித்தது. இன்னும் ருசி வரவில்லை, வந்ததும் வருகிறேன் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டாள். நோயாளிக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. சுஹைரின் கறியோ ஒருநாள் புளி, மறுநாள் தீய்ந்த வாடை. ருசி தெரியாதவள் எப்படிக் குறை சொல்வது? பேசாமல் விழுங்கினாள்.

ஒருநாள் தேங்காய்ப்பால் விட்டு மீனாணம் வந்தது. ஒரு வாய் வைத்ததும், தான் ருசி தெரியாதவள் என்பதை மறந்துவிட்டாள்.

"உப்பு வெளையிற புத்தளத்து ஆக்கள் உப்புப் போடாம ஆணம் வெப்பாங்களா?"

கதவுக்கு வெளியிலிருந்து, ருசி எப்போது வந்தது என்று சுஹைர் கேட்டார். போகவே இல்லை என்றாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"வெளிய வந்தா எனக்கு மறுவா சட்டிதானே."

"இவ்வளவு நாளும் சட்டி வழிச்சது நான்தான் புள்ள," என்றார் சுஹைர். "ஒனக்கு வெச்சி, அவனுகளுக்குப் போட்டா, மிச்சம் வால்தான். இத எப்பிடி இத்தின வருஷம் திண்ட நீ?"

அவள் எழும்பிக் கதவடிக்கு வந்தாள்.

"வெளிய வா. நடுத்துண்டு ஒனக்குத்தான். ஆக்குறத மட்டும் நீ பாரு, என்னால இந்தக் கறியத் திங்க ஏலா."

கதவு திறந்தது.

"அப்ப வால் ஆருக்கு?"

சுஹைர் கூடத்துப் பக்கம் திரும்பினார். மகன்மார் இருவரும் போனைப் பார்த்தபடி, சோறு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.