பந்தயத் தரமான பிரேக்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு விளம்பரம். அதை எழுதியவன் நான். பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

குன்னூரில் ஹரிதாஸ் என்பவருடைய விடுதியின் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கதை எழுதுகிறவன் குடியிருக்கிறான் என்று தெரிந்ததிலிருந்து விடுதியின் அறிவிப்புப் பலகை, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவார். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். ஒருநாள் தன் பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை விற்க நாலு வரி கேட்டார்.

"எஞ்சின் பவரை ஏத்தியிருக்குதுங்க. சைலன்சர் வேற. வண்டிய ரோட்டோட ஒட்ட இறக்கியிருக்கு. பிரேக் டிஸ்க்ல துளை போட்டிருக்குது, ரேஸ் கார்ல வர்ற மாதிரி. அதைக் கொஞ்சம் தூக்கி எழுதுங்க."

தூக்கி எழுதினேன். 'பந்தயத் தரமான பிரேக். மலைப்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.' அந்தச் சக்கரத்தை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாக்கியம் நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

2

கதையின் ஆரம்பத்தை மூன்று முறை எழுதினேன்.

'பனி மெல்ல விலகியபோது அந்த மஞ்சள் கார்…'

அடித்துவிட்டேன். குன்னூரில் வெயிலே அடிக்காதா? மலையில் நடக்கும் அயோக்கியத்தனத்துக்கெல்லாம் பனியைப் போர்த்திவிடுவது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

'சிறுமியாக இருந்தபோது வேணி, அப்பாவின் லாரியில்…'

இதுவும் பொய். வேணியின் அப்பா லாரி ஓட்டியதில்லை. அவர் தபால்காரர். ஆனால் காரை வாங்கியது ஒரு பெண் என்றதும் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. செத்துப்போன அப்பா, நிறைவேறாத ஆசை, ஏதாவது ஒன்று.

வேணிக்கு* வயது முப்பத்தொன்பது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக லேத் ஓட்டுகிறவர். அம்மா தாயம்மாளுடன் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். அவரிடமே கேட்டேன், எதற்கு இந்தக் கார் என்று.

"புடிச்சிருந்துச்சுங்ண்ணா."

"அவ்வளவுதானா?"

"ஏனுங்ண்ணா, இதே ஒரு ஆம்பளை வாங்கியிருந்தா இந்தக் கேள்வியக் கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். ஆகவே மூன்றாவது ஆரம்பம் இது: வேணிக்கு அந்தக் கார் பிடித்திருந்தது.

(* முதல் வரைவு முழுக்க வேணி 'அவள்', ஹரிதாஸ் 'அவர்'. திரும்பப் படித்தபோது எனக்கே கூசியது. திருத்திவிட்டேன்.)

3

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை வேணி வந்தார். நான் மாடி ஜன்னலில் இருந்தேன். (நியாயமாக இறங்கிப் போயிருக்க வேண்டும்.) ஹரிதாஸுடன் சுப்பண்ணன் நின்றிருந்தார். கீழ்க்கடைவீதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். காரில் நடந்த மாற்றங்கள் எல்லாம் அவர் கைவேலைதான்.

வேணி எஞ்சினைக் கிளப்பிக் காதுகொடுத்துக் கேட்டார். கீழே குனிந்து பார்த்தார். "ஒரு வீலைக் கழட்டிப் பாத்துக்கட்டுங்களா?" என்றார்.

"எதுக்குங்க அம்மிணி?" ஹரிதாஸ் சிரித்தார். "அலாய் வீல்ல கீறல் விழுந்துரும். சுப்பண்ணன் போட்ட பிரேக்குங்க, பேப்பர்லயே போட்டிருக்குதே, படிக்கலீங்களா?"

"படிச்சேன். அதனாலதான் வந்தேன்."

"அப்பறமென்ன? பொம்பளைங்க கார் வாங்க வர்றதே அபூர்வம். அதுல வீலக் கழட்டுறேன்னு வர்றது நீங்கதானுங்க."

சுப்பண்ணனும் சிரித்தார். லேத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணை இரண்டு ஆண்களின் சிரிப்பும் என் ஒரு வாக்கியமும் சேர்ந்து கட்டிவிட்டன. 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்' என்ற தாளில் வேணி கையெழுத்துப் போட்டார். பி.எஃப். லோன் போட்ட பணம்.

4

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, தாயம்மாளை உட்காரவைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினார். பர்லியாருக்கு மேலே, ஏழெட்டு வளைவு தாண்டியதும் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறியது. கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் முன்பக்கம் 'டக்' என்று ஏதோ உடைந்த சத்தம். மிதித்த மிதி அடிவரைக்கும் போய்விட்டது.

'கார் பள்ளத்தை நோக்கி…'

இந்த இடத்தில் முதல் வரைவில் நான் தாயம்மாளைக் கொன்றுவிட்டேன். பக்கம் பக்கமாக, நல்ல தமிழில். அதைப் படித்த வேணி தாளை என் மேசையில் அறைந்தார்.

"எங்கம்மா கேத்தி சந்தையில கேரட்டுக்குப் பேரம் பேசிட்டிருக்காங்க. நீங்க இங்க உக்காந்து எழவு எடுக்கறீங்களா? யாராச்சும் செத்தாத்தான் இது தப்புன்னு உங்களுக்கு ஒறைக்குமா?"

நடந்தது இதுதான். வேணி கியரை இரண்டுக்கும், பிறகு ஒன்றுக்கும் குறைத்தார். எஞ்சின் அலறியது. கைபிரேக்கை இழுத்துக்கொண்டே, மலைப்பக்கம் இருந்த மண்மேட்டில் காரின் விலாவைத் தேய்த்தார். முப்பது கஜம் தேய்ந்து வடிகாலில் ஒரு சக்கரம் இறங்கி வண்டி நின்றது. தாயம்மாளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. "கண்ணு, உனக்கொண்ணும் ஆகலையே?" என்று அவர் கேட்ட பிறகுதான் வேணி எஞ்சினையே அணைத்தாராம்.

5

அம்மாவின் கையைத் துண்டால் கட்டி உட்காரவைத்துவிட்டு, அங்கேயே, ரோட்டோரத்தில், வேணி சக்கரத்தைக் கழற்றினார்.

உள்ளே சுழல்கிற இரும்பு வட்டுதான் டிஸ்க். பிரேக் இறுக்கிப் பிடிப்பது அதைத்தான். அதில் முப்பத்தாறு துளைகள். சாதாரண டிஸ்க்கை வாங்கி, அழகுக்காகக் கை டிரில்லால் போட்டவை. ஒன்றுக்கொன்று இடைவெளி சமமில்லை. துளையின் கூரான விளிம்பைக்கூட மழுக்கிவிடவில்லை. சூடேறியதும் துளைக்குத் துளை விரிசல் ஓடி, ஒரு துண்டு பெயர்ந்தே போயிருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, டிஸ்க்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சுப்பண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"சுப்பண்ணா, இது உங்க வேலையா?"

"ஹரிதாஸ் சார் கேட்டாருங்க, போட்டுக் குடுத்தேன். பாக்கறதுக்கு எடுப்பா இருக்கோணும்னாரு."

"இது தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சுப்பண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவர் டவுனத் தாண்டி மலையிறங்கி எங்கயும் ஓட்ட மாட்டாருங்க. அதான்…"

"நானும் மெஷின்ல கை வெக்கறவ. தப்பா வந்த பீஸை நான் குப்பையில போடறேன். நீங்க ஆள் ஏத்தி அனுப்பறீங்க."

அடுத்தது ஹரிதாஸ். அன்று நான் கீழேதான் இருந்தேன். அவர் பதறவில்லை. காபி வரவழைத்தார்.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க அம்மிணி. ஆனாலும் உங்களுக்கு நஷ்டம் வர விடமாட்டேன். பேர் மாத்தற பேப்பர் இன்னும் என் டேபிள்லதான் கெடக்குது. சேரம்பாடியில வடிவேல்னு ஒரு வாத்தியார், இதே வண்டியக் கேட்டுட்டிருக்காரு. வேற டிஸ்க் வாங்கி, இதே மாதிரி துளை போட்டு மாட்டிரலாம். விலாவுக்குப் பெயின்ட். உங்க பணம் முழுசா வந்துரும்."

"அவருக்கு இதைச் சொல்லுவீங்களா?"

"சொன்னா வாங்குவாருங்களா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த வெளம்பரத்தை இன்னொரு தடவை எடுத்து வெச்சுக்கங்க."

நான் என்ன சொன்னேன் என்று எழுத இங்கே இரண்டு வரி இடம் விட்டிருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. இடத்தை மூடிவிட்டேன்.

6

வடிவேல் புதன்கிழமை வந்தார். கூடவே மனைவி அருக்காணி. பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் வந்த களைப்பிலும் இருவர் முகத்திலும் சிரிப்பு. விடுதி வாசலில், ஹரிதாஸ் இழுத்துவரச் செய்து பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் வேணி நின்றிருந்தார். வேறு யாரும் பேசுவதற்குள் சாக்கை அவிழ்த்து டிஸ்க்கை வடிவேலின் கையில் வைத்தார்.

"இந்த வண்டியிலேர்ந்து கழட்டுனதுங்க. விரலால தடவிப் பாருங்க. துளைக்குத் துளை வெடிப்பு. எங்கம்மா கைக்கட்டோட ஊட்டுல இருக்காங்க."

வடிவேல் தடவிப் பார்த்தார். பிறகு அருக்காணி வாங்கிப் பார்த்தார். "போலாமுங்க," என்றார் கணவரிடம். அவ்வளவுதான். இருவரும் இறங்கி நடந்தார்கள்.

ஹரிதாஸின் முகம் அப்போதுதான் மாறியது. "உங்க பணத்துக்கு நீங்களே குழி தோண்டிட்டீங்க!"

"குழி நீங்க போட்டதுங்க. முப்பத்தாறு. வேணும்னா எண்ணிக்கங்க."

7

முடிவுகள்.

(அ) ஹரிதாஸ் மனம் திருந்திப் பணத்தைத் திருப்பித் தருகிறார். (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

(ஆ) நுகர்வோர் நீதிமன்றத்தில் வேணி வெல்கிறார், ஊரே…

ஊர் என்ன செய்தது தெரியுமா? 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டி' என்றது. துளை போட்டவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கு மட்டும் நிஜம். ஹரிதாஸ் தரப்பு எழுதிக் கொடுத்த பதிலில் ஒரு வரி: 'அந்த விளம்பரம் ஓர் எழுத்தாளரின் கற்பனை. அதற்கு எங்கள் கட்சிக்காரர் பொறுப்பல்ல.'

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கற்பனையை ஒருவர் இவ்வளவு நம்பி மேற்கோள் காட்டியது இதுதான் முதல் தடவை. அன்று வந்த கோபத்தில்தான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன். கதை பத்தாது என்று வேணி சொன்னார்.

"கோர்ட்ல வந்து சொல்லுங்ண்ணா. எழுதறது அப்பறம்."

"அறையைக் காலி பண்ணச் சொல்லிடுவார்."

"சொல்லட்டும். எங்கம்மா கையை விடவா உங்க ரூம்பு பெருசு?"

ஊட்டி கோர்ட்டுக்குப் போனேன். ஹரிதாஸ் எந்த வார்த்தையில் கேட்டாரோ அந்த வார்த்தையிலேயே சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஆக, பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல எழுதுவது உங்கள் தொழில்?"

"தொழில்தான் ஐயா. ஆனால் கதையை நம்பி யாரும் மலையிறங்குவதில்லை. அந்த நாலு வரியை நம்பி ஓர் அம்மாவும் மகளும் இறங்கினார்கள். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. எழுதிக்கொள்ளுங்கள்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. நானாக ஒன்றை எழுதித் தர மாட்டேன். இந்த விஷயத்தில் நான் இட்டுக்கட்டியது போதும். நீங்கள் ஒன்று எழுதுவதானால், முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சாட்சி சொன்ன அன்று மாலை ஊட்டியிலிருந்து வேணியின் காரில்தான் திரும்பினேன். வண்டி இப்போது அவர் பேரில். அலறும் சைலன்சரைக் கழற்றிவிட்டார். துளையில்லாத புது டிஸ்க்குகளைத் தானே மாட்டியிருக்கிறார். கேத்தி தாண்டி, நல்ல இறக்கத்தில், காரணமே இல்லாமல் பிரேக்கை மிதித்தார். கார் ஓர் உதறலுமின்றி நின்றது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா. நீங்களும் ஒருக்கா பாத்துக்கோணுமில்ல."

பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. "ஏனுங்க, நடுரோட்டுல என்னுங்க பண்றீங்க?" என்று டிரைவர் கத்தினார்.

வேணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பிரேக் பாக்கறமுங்க! நீங்களும் பாத்துக்கங்க!"