மூன்றாம் எண் நடைபாதை

1971ஆம் வருடம் தை அறுவடை முடிந்த பதினோராம் நாள் காலை, அத்திவெளி மிராசுதார் துரைராசுவின் இருபது வேலி நஞ்சை மலையாகிவிட்டது. உயரம் அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. சத்தம் எதுவும் கேட்கவில்லை. குடவாசலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், மணி எட்டாகியும் வெயில் வரவில்லையே என்று அண்ணாந்து பார்த்தபோதுதான் தாங்கள் நிழலில் நிற்பது தெரிந்தது. வயலில் கிடந்த மூன்று வைக்கோல் போரும் உச்சியில் குலையாமல் இருந்தன. வயல் நண்டுகள் பாறை இடுக்கில் குடியேறியிருந்தன. சரிவில் தேக்கும் மூங்கிலும் நூறு வருடமாக அங்கேயே நின்றவை போல நின்றன. மேடு என்றால் கோயில் கோபுரம், பள்ளம் என்றால் குளம், மற்றதெல்லாம் சமதரை என்று வாழ்ந்த ஜனங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உளுந்து தெளித்த வயலுக்குச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இதற்கு யாரும் தெய்வத்தைக் காரணம் சொல்லவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று அரசாங்கம் நில உச்சவரம்பைக் குறைத்தபோது, துரைராசு தன் நிலத்தைச் சமையற்காரர் பேரிலும், பிறக்காத பேரன் பேரிலும், உழவு மாடுகள் இரண்டின் பேரிலும் எழுதிவைத்தார். அப்படியும் இருபது வேலி, அதாவது நூற்று முப்பது ஏக்கருக்கு மேல், மிஞ்சியது. மலைக்கும் காட்டுக்கும் உச்சவரம்பு கிடையாது என்று யாரோ ஓதிவிட, ஊர்க் கர்ணத்தைக் கூப்பிட்டு, நிலப் பதிவேடான அடங்கலில் அந்த இருபது வேலிக்கு நேரே 'மலை, காடு, சாகுபடிக்கு லாயக்கில்லை' என்று எழுதச் சொன்னார். கர்ணம் பிறந்ததிலிருந்து மலையைக் கண்ணால் பார்த்தவரில்லை. உயரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட மனமில்லாமல் தன் சைக்கிள் லைசென்ஸ் நம்பரை எழுதினார். எழுதிய பதினோராம் நாள் மலை வந்தது. சர்க்கார் தாளில் எழுதியது நடக்க எப்படியும் பத்து வருடமாகும் என்று நம்பியதுதான் துரைராசு செய்த ஒரே தப்பு.

அவர் சும்மா இருக்கவில்லை. எழுதியதைத் திருத்த வேண்டுமென்றால் தாசில்தார் உச்சிக்குப் போய் நேரில் பார்த்து, இது மலையில்லை என்று எழுத வேண்டும். முதல் தாசில்தார் பாதியில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டார். இரண்டாமவர் உச்சிவரை போனார், ஆனால் அங்கே நின்றுகொண்டு இது மலையில்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. மூன்றாமவர் கீழேயே நின்று இளநீர் குடித்துவிட்டு மாற்றலாகிப் போனார். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தஞ்சைத் தரணிக்கு மலையில்லை என்ற ஆயிரமாண்டுக் குறையைத் தீர்த்தது தங்கள் ஆட்சிதான் என்று ஆளுங்கட்சி உச்சியில் கொடி நட்டது. அந்த மலை தாங்கள் கோட்டையில் இருந்தபோதே மஞ்சூரானது என்று எதிர்க்கட்சி அதைவிட உயரமான கம்பத்தில் தன் கொடியை நட்டது. மலையும் காடும் வனத்துறைக்கே சேரும் என்று ஒரு உத்தரவு வந்தது. உச்சவரம்புக்குத் தப்பிய நிலம் இப்படித்தான் துரைராசுவின் கையைவிட்டுப் போயிற்று.

மலைக்குத் தெற்கே அறுபது குடிசை. அதற்குத் தெற்குத் தெரு என்று பெயர். அங்கே நடவுக் கூட்டத்துக்கு முன்னத்தி ஆளாக இருந்தவள் அம்சம். தெற்குத் தெருவின் இடுகாடு ஆற்றோரம் இருந்தது, நடுவில் துரைராசுவின் இருபது வேலி இருந்தது. பயிர் நிற்கும் மாதங்களில் அவர் வரப்பில் பிணம் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே தெற்குத் தெருக்காரர்கள் கோடையில் செத்தால் வரப்பில் போவார்கள், மழைக்காலத்தில் செத்தால் வாய்க்காலில் இறங்கி மார்பளவுத் தண்ணீரில் போவார்கள். அம்சத்தின் புருஷன் வீரையன் 1966இல் ஐப்பசி அடைமழையில் செத்தான். சுமந்தவர்களுக்குக் கால் வழுக்கி, பாடை கவிழ்ந்து, வீரையன் தண்ணீரோடு போய் மதகில் சிக்கிக்கொண்டான். அவனை எடுத்துச் சேறு கழுவிப் புதைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அம்சத்துக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன்னை வாய்க்காலில் இறக்காமல் கொண்டுபோக ஒரு வழி. ஐந்து வருடத்தில் கலெக்டருக்கு இருபத்து மூன்று மனு கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அவற்றைக் கூரைச் செத்தையில் செருகி வைத்திருந்தாள்.

மலையைப் பார்த்துக்கொள்ள வனத்துறை அனுப்பிய காவலர் மீரா சாகிப் அதுவரை கோடியக்கரையில் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தவர். மலை ஏறுபவர்களுக்காக மூன்று நடைபாதை போடும்படி அவருக்கு உத்தரவு. மலையில் பாதை எப்படிப் போடுவது என்று அவருக்கும் தெரியாது, வேலைக்கு வந்த தெற்குத் தெருக்காரர்களுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வரப்பு. எனவே மலையைச் சுற்றி வரப்புப் போட்டார்கள். ஒன்றரை அடி அகலம், இரு புறமும் மண்வெட்டியால் அறைந்து மெழுகியது, இருபது முழத்துக்குத் தண்ணீர் வடிய ஒரு வாய்மடை. முதல் பாதை ரோட்டிலிருந்து உச்சிக்கு. இரண்டாவது மலையைச் சுற்றி. மூன்றாவதை எங்கே கொண்டுபோவது என்று மீரா சாகிப் யோசித்தபோது, அம்சம் கூடையைக் கீழே வைத்தாள்.

"எங்க தெருவுலேர்ந்து ஏறி, அந்தாண்ட ஆத்தோரம் எறக்குங்க சாயபு. அங்கேர்ந்து பாத்தா நல்லா இருக்கும்."

"அங்க என்ன தெரியும்?"

"எங்க ஊட்டுக்காரரு தெரிவாரு."

மீரா சாகிப் சுண்ணாம்புக் கூடையை அவள் பக்கம் தள்ளினார். அவள் சுண்ணாம்புத் தூளை விட்டுக்கொண்டே முன்னால் போனாள், மற்றவர்கள் பின்னால் வெட்டிக்கொண்டே போனார்கள். வனத்துறையின் பச்சைப் பலகையில் இன்றைக்கும் இருக்கிறது: 'நடைபாதை எண் 3. தூரம் இரண்டு மைல். சிரமம்: நடுத்தரம். காட்சி முனை: இடுகாடு.' பாதை திறந்த மாதமே, இருபத்து மூன்று மனுவுக்கும் சேர்த்து, இருபத்து நான்காவது பதிலும் வந்து சேர்ந்தது. கோரப்பட்ட இடத்தில் மலை இருப்பதால் பாதைக்குச் சாத்தியமில்லை என்று அதில் கண்டிருந்தது. அம்சம் அதையும் செத்தையில் செருகினாள்.

கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஜனங்கள் மலையேற வந்தார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதிகள் மாலையைக் கழற்றாமலே வந்து ஏறினார்கள். எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, வரப்பில் நடப்பது போலவே பெருவிரலை ஊன்றி நடந்தார்கள். அடிவாரத்துச் சாவடியில் மீரா சாகிப் பதிவேடு வைத்திருந்தார். பெயர், வயது, நோக்கம், சென்ற நேரம், திரும்பும் நேரம், கருத்து. மாலை ஆறு மணிக்கு மேல் காட்டில் யாரும் இருக்கக் கூடாது, சென்றவர் தொகையும் திரும்பியவர் தொகையும் ஒத்துப்போக வேண்டும் என்பது சட்டம். இடுகாடும் காட்டின் எல்லைக் கல்லுக்கு உள்ளே விழுந்திருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

1974 ஐப்பசியில் காய்ச்சலில் கிடந்து அம்சம் செத்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரை தெரியாமல் ஓடியது. அவள் மகன் கண்ணுசாமியும் தெருக்காரர் எட்டுப் பேரும் பாடையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் எண் பாதைக்கு வந்தார்கள். மீரா சாகிப் சாவடியை விட்டு மழையில் இறங்கி நின்று அழுதார். அழுது முடித்துப் பதிவேட்டை நீட்டினார்.

"ஒம்பது பேர் எழுதியிருக்கு. அம்சம்மாவ எழுதலியே."

"செத்தவங்கள எதுக்குங்க எழுதணும்?"

"உள்ள போற ஆள் அத்தனையும் எழுதணும் தம்பி. நாளைக்கு மேலாபீஸ்லேர்ந்து வந்து எண்ணிப் பாத்தா நான் என்ன சொல்றது?"

கண்ணுசாமி மற்றவர்களுக்குத் திரும்பும் நேரம் ஐந்தரை என்று போட்டிருந்தான். அம்மாவின் பெயரை எழுதி, அந்தக் கட்டத்தில் 'மேற்படி' என்று போட்டான். மலை மேலே மழை சன்னமாக இருந்தது. வரப்பு வழுக்கவில்லை. அம்சத்தை வீரையனுக்குப் பக்கத்தில் நல்லபடியாகப் புதைத்து, பால் ஊற்றிவிட்டுத் திரும்பினார்கள். ஐந்தரைக்குச் சாவடிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவதாக, தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அம்சம் வந்தாள். மீரா சாகிப் எண்ணிப் பார்த்து, சரியாக இருந்ததால் பதிவேட்டை மூடினார்.

அம்சத்துக்குக் கோபமான கோபம். "உங்கப்பாகிட்ட அப்பதான் பேச ஆரம்பிச்சேன். மதகுல ரொம்ப வலிச்சுதான்னு கேட்டேன். அவரு வாயத் தொறக்கிறதுக்குள்ள அஞ்சரை ஆயிடுச்சு. என்னடா எழுதித் தொலச்ச?" என்றாள். கண்ணுசாமி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பெற்ற பிள்ளை அப்படி அழும்போது திரும்பிப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் களையெடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு தெற்குத் தெருவில் செத்தவர்கள் எல்லோரும் ஐந்தரைக்குத் திரும்பி வந்தார்கள். ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டார்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு குறையில்லை. செத்தவர்களுக்கு அரைக் கூலிதான் என்று மிராசுதார்கள் கூடிப் பேசி முடிவெடுத்தபோது, செங்கொடிச் சங்கம் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்தது. நாற்று முற்றிப்போயிற்று. கடைசியில், நட்ட நாற்று முடியில் செத்தவர் நட்டது எது, உயிரோடிருப்பவர் நட்டது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாததால் முழுக் கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள்.

1979இல் துரைராசு மாரடைப்பில் செத்தார். அவர் வம்சத்துக்கு ஆற்றங்கரையில் கல் பாவிய வழியோடு தனிச் சுடுகாடு உண்டு. ஆனால் அந்த வழியாகப் போனவர் யாரும் திரும்பியதில்லை. மூன்றாம் எண் பாதைக்குப் போக வேண்டுமென்றால் தெற்குத் தெருவுக்குள் நுழைந்து, அம்சத்தின் வீட்டுப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். அவர் மனைவி மங்களாம்பிகை காரைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். நாற்பது வருடமாக 'ஏ அம்சம்' என்று கூப்பிட்டு வந்தவள், அன்றைக்கு, "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

"மனு எழுதிக் குடுங்கம்மா" என்றாள் அம்சம்.

மங்களாம்பிகை எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை, பரிசீலனையில் உள்ளது என்று கண்ணுசாமி கையெழுத்தில் பதில் போயிற்று. மாலையில் இன்னொரு மனு வந்தது, அதே பதில் போயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து மீன் லாரியில் ஐஸ் கட்டி வந்தது. தெருவில் சிலர், இருபத்து மூன்று மனு வரட்டும் என்றார்கள். மூன்றாம் நாள் அம்சம் எழுந்து, "போதும், வரச் சொல்லு. பொணத்த வச்சுக்கிட்டு வழிக்குக் காத்திருக்கிறது எப்புடி இருக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிட்டுது" என்றாள். சாம்பல் நடந்து வருமா என்று சந்தேகமாக இருந்ததால், வழக்கத்தை மீறிப் புதைப்பதென்று முடிவாயிற்று. ஐந்தரைக்குத் துரைராசு வந்தார். செருப்புப் போட்டுப் புதைக்கும் வழக்கம் இல்லாததால் வெறுங்காலோடு தெற்குத் தெருவில் நடந்தார். தாகமாக இருந்தது. அம்சத்தின் வாசலில் நின்று தண்ணீர் கேட்டு, கொடுத்த சொம்பில் வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, "வீரையன் அங்க தனியா கெடக்கான் அம்சம். உன்னக் கேட்டான்" என்றார். தலையைக் குனிந்துகொண்டே காருக்குப் போனார். அதன் பிறகு அவர் மலையைத் திரும்பக் கேட்கவில்லை.

அம்சம் அதற்குப் பிறகு ஏழு நடவு நட்டாள். எட்டாம் வருடம் ஐப்பசியில், கண்ணுசாமிக்குப் பேரன் பிறந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, கிளம்பறேன் என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை செத்தாகிவிட்டதால் மறுபடி சாக வேண்டியிருக்கவில்லை. கண்ணுசாமி அழுதான், ஆனால் இந்தத் தடவை காலைக் கட்டிக்கொள்ளவில்லை. பாடை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதால், அவனும் தெருக்காரர் எட்டுப் பேரும் முறைக்குக் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அடைமழை. வாய்க்கால் அன்றைக்கும் கரை தெரியாமல்தான் ஓடியது.

மீரா சாகிப்புக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. அம்சம் பதிவேட்டை வாங்கி, சங்கத்துப் பள்ளியில் கற்றுக்கொண்ட எழுத்தில் தன் பெயரை எழுதினாள். திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள்.

"அம்சம்மா, ரூல்ல அதுக்கு எடமில்லயே" என்றார் மீரா சாகிப்.

"போறதுக்கு வழி கேட்டுத்தான் சாயபு இருவத்து மூணு மனு குடுத்தேன். திரும்பி வர்றதுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல."

அவர் அந்தக் கோடு மழையில் கலையாமல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். பிறகு வழக்கமாக எல்லோரிடமும் கேட்பது போல, பாதையைப் பற்றி ஏதாவது கருத்து உண்டா என்று கேட்டார். அவள் குடையை விரித்து வரப்பில் ஏறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். ஐந்தரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மீரா சாகிப் ஆறு மணி வரை பார்த்துவிட்டு, சென்றவர் பத்து, திரும்பியவர் ஒன்பது, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்சத்தின் பெயருக்கு நேரே, கருத்து என்ற கட்டத்தில், அவள் சொன்னதை அப்படியே எழுதினார்: 'கால் நனையவில்லை.'