சம்மதப் பத்திரம்

விடிய ஆறு மணிக்கு ஒரு நேர்ஸ் வந்து, நிறை பார்க்க வேண்டும் என்று கையால் காட்டிவிட்டுத் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். எட்டரையாகியும் பிள்ளை திரும்பி வரவில்லை. யோசெப்பின் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட இடம் சுண்டியது. திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் பிள்ளை அதற்குள் இரண்டு தரம் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது. தன் பிள்ளை பசியில் அழுமே என்று யோசெப்பின் நினைத்தாள். றொஷினி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்குக் குணேஸ்வரி வந்தாள், தோளில் பனி உருகிய ஈரத்தோடு. நோத்ர-டாம்-த-கிரேஸில் யோசெப்பினும் கணவனும் இருக்கும் கட்டடத்தில் மேல்மாடிக்காரி. மொன்ட்ரியாலில் ஆறு வருடமாக இருப்பவள். அவளுடைய பிரெஞ்சு வேலைத்தலத்தில் பொறுக்கியெடுத்தது, பஸ் வரைக்கும் போகும், அதற்கு மேல் நொண்டும். ஆனாலும் அந்தக் கட்டடத்துத் தமிழர்களுக்கு வக்கீலும் அவள்தான், டாக்குத்தரும் அவள்தான்.

வேலைத்தலம் என்பது ஒரு பேகல் கடை. மாவை வளையமாக உருட்டி, தேன் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, விதைத் தட்டில் புரட்டி விறகு அடுப்புக்குள் தள்ளவேண்டும். அகதி வழக்கு முடியாமல், வேலைப் பத்திரமும் கிடைக்காமல் இருந்த யோசெப்பினைப் பின்கதவால் அங்கே சேர்த்துவிட்டவள் குணேஸ்வரி. வேலையைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். உடைந்ததும் கோணியதும் வேலை செய்கிறவர்களுக்கு. வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து யோசெப்பினுக்கு எள்ளு மணம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கறுப்பு விதை போட்டதாகப் பார்த்து எடுத்துத் தின்றாள். வலி கண்ட அன்று மத்தியானமும் மூன்று தின்றிருந்தாள். அது என்ன விதை என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. சின்ன எள்ளு என்று தமிழர்கள் தங்களுக்குள் பெயர் வைத்திருந்தார்கள்.

குணேஸ்வரி பிளாஸ்கைத் திறந்து, பிள்ளை பெற்றவளுக்கென்று காய்ச்சிய காயத்தை ஊற்றும்போது ஹெயிட்டிக்கார நேர்ஸ் ஒருத்தி உள்ளே வந்து திரையை இழுத்து மூடினாள். வயதானவள், நல்ல முகம். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்த அம்மா இரண்டு மூன்று நாட்களுக்குள் 'பவோ' போட்ட பாண் ஏதாவது சாப்பிட்டாவா?

குணேஸ்வரிக்கு அந்தச் சொல் தெரியும். காலையில் தட்டில் கொட்டுகிற கறுப்பு விதைச் சாக்கில் பெரிய எழுத்தில் இருப்பது அது. யாரோ வேலையைப் பற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், நேர்ஸ் வாயைக் கிளறுகிறாள் என்று நினைத்தாள். இல்லை, இவள் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை, சோறும் சொதியும்தான் சாப்பாடு என்றாள். நேர்ஸ் விடவில்லை, சொல்லைப் பிரித்துப் பிரித்து இன்னொரு தரம் கேட்டாள். குணேஸ்வரி இரண்டாம் தரமும் இல்லை என்றாள். நேர்ஸ் அதை எழுதிக்கொண்டு முகம் வாடிப்போய் வெளியேறினாள்.

"என்னவாம் அக்கா? பிள்ளையை எப்ப தருவினமாம்?"

"ஆரோ கடையைப் பற்றிச் சொல்லிப்போட்டினம் போல கிடக்கு. நான் ஒண்டும் விடேல்லை. நீ பயப்பிடாதை."

பத்து மணிக்குக் கையில் கோப்புடன் இன்னொரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியின் சமூக சேவை உத்தியோகத்தர். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல் பேசினாள். குணேஸ்வரி அதைத் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள். வந்த அன்று எடுத்த சலத்தில் அபின் வகைப் போதை மருந்து இருக்கிறதாம். பிள்ளையை மேல்மாடியில் வைத்துப் பார்க்கிறார்களாம். தாய்ப்பால் கொடுக்கக்கூடாதாம். விசாரணை முடியுமட்டும் தரமாட்டார்களாம்.

"சலமோ? அது சீனி இருக்கோ எண்டு பாக்கத்தானே எடுத்தவை. நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்?"

கிளினிக்கில் வழக்கமாக எடுப்பது அதற்குத்தான் என்பதால் குணேஸ்வரி அப்படிச் சொல்லியிருந்தாள். உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டிக் காட்டினாள். ஆறு பக்கம், கடைசியில் யோசெப்பினின் கையெழுத்து. இரண்டு வலிகளுக்கு நடுவே, விரல் காட்டிய இடத்தில் வைத்தது. சோதனைச் சாவடியிலும் சரி, குடிவரவுக் கந்தோரிலும் சரி, இது என்ன பத்திரம் என்று கேட்டவர்கள் நின்ற இடத்திலேயே நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். போதை என்ற சொல் இதில் எங்கே இருக்கிறது என்று குணேஸ்வரி கேட்டாள். ஊழியர்கள் தேவையெனக் கருதும் பரிசோதனைகள் என்ற வரியை அந்தப் பெண் தொட்டுக் காட்டினாள்.

அந்த அபின் எதிலிருந்து வருகிறது என்று குணேஸ்வரி கேட்டாள். பவோச் செடியிலிருந்து என்றாள் உத்தியோகத்தர்.

குணேஸ்வரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கடை, விதை, உடைந்த பேகல் எல்லாவற்றையும் கையும் வாயுமாகக் கொட்டினாள். உத்தியோகத்தர் பொறுமையாக எழுதினாள், ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. எழுதி முடித்ததும் ஒரு பக்கம் பின்னால் புரட்டி, ஒரு மணித்தியாலத்துக்கு முதல் நேர்ஸ் எழுதியதை வாசித்தாள். சாப்பிடவில்லை, வேலைக்குப் போவதில்லை, இரண்டு தரம் கேட்டும் இதே பதில். இப்போது சொல்வதை நம்புவதென்றால் கடைக்காரரிடம் ஒரு கடிதம் வேண்டும் என்றாள்.

யோசெப்பினின் கணவன் அம்புறோஸ் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். சேதி கேட்டதும் கைத்துணியைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினான். முதலாளி அவனைப் பின்வாசலில் நிறுத்தியே பேசி அனுப்பினான். இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் வேலை செய்ததில்லை என்றான். குணேஸ்வரியையும் நாளையிலிருந்து வரவேண்டாமென்று சொல்லச் சொன்னான். அம்புறோஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றான். குணேஸ்வரி தன் வேலை போனதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நான் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்று மணிக்கு உத்தியோகத்தர் மறுபடியும் வந்தாள். இந்தத் தரம் ஒரேயொரு பக்கப் பத்திரம். கிழமைக்கு இரண்டு தரம் சலம், ஒரு தரம் தலைமயிர், பிள்ளையிடமிருந்தும் மாதிரி. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தாள், விளங்கியதா என்று கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனாள். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

"உனக்கு விருப்பமில்லாட்டில் மாட்டனெண்டு சொல்லலாமாம். ஒருதரும் கட்டாயப்படுத்தேலாதாம்" என்றாள் குணேஸ்வரி.

"மாட்டனெண்டா பிள்ளையைத் தருவினமோ எண்டு கேளுங்கோ."

குணேஸ்வரி கேட்டாள். மறுத்தால் அதையும் எழுதவேண்டி வரும் என்றாள் உத்தியோகத்தர், மெதுவாக. யோசெப்பின் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.

புது நேர்ஸ் ஒருத்தி மூடியுள்ள பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் தந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். கதவை மூடவிடவில்லை. சப்பாத்துக் காலை இடையில் வைத்துக்கொண்டு நின்றாள். யோசெப்பின் அங்கியைத் தூக்கிப் பிடித்து, கோப்பையைக் கீழே நீட்டிக் குந்தியிருந்தாள். வெட்கத்தில் உடம்பு இறுகிப்போய்ச் சலம் வரவில்லை. நேர்ஸ் எட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மேல்மாடியில் எங்கோ ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. றொஷினியா, வேறு பிள்ளையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு மார்பு இரண்டும் சுரந்து, பால் அங்கியை நனைத்து, மடியில் ஒழுகித் தரையில் சொட்டியது. நேர்ஸ் ஒரு கடதாசித் துவாலையைக் கிழித்து நீட்டிவிட்டு, கோப்பையில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.